தலையாட்டியவனுக்கு விழுந்த குத்து

அந்த பேக்கரியில் மாவு பிசைகிறவளுக்குச் ‘சம்மட்டி’ என்று பெயர் வைத்தது தான்தான் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் பல் போகும். அவள் மாவைத் தொட்டியில் அறைகிற அறையில் பக்கத்துத் தெருச் சுவர்க் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முன்னால் ஓடின என்பார்கள். அது மிகை, நான்கு நிமிடம்தான்.

நாற்பது வயதில் அவளுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, ஒரே வருடத்தில் பார்வை முழுதாகப் போயிற்று. கைவலு போகவில்லை. கைத்தடி வாங்கிய முதல் வாரமே, கேட்காமல் கொள்ளாமல் அவளைத் தரதரவென்று சாலைக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போன ஒரு புண்ணியவானின் மூக்கைப் பெயர்த்தாள். “பஸ்ஸுக்கு நின்னவளை எங்கய்யா இழுத்துட்டுப் போற?” படியேற உதவுகிறேன் பேர்வழி என்று பின்னாலிருந்து தூக்கிவிட்ட இன்னொருவர் இன்றைக்கும் யோசித்துத்தான் உட்காருகிறார்.

பேக்கரியில் யாரும் அவளை இழுத்ததில்லை. அங்கே ஒரே ஏற்பாடு: அடுப்பிலிருந்து வந்த தட்டை எங்கே வைத்தாலும் “சூடு!” என்று கத்த வேண்டும். சத்தம் இல்லையென்றால் இடம் காலி. அடுப்பைப் பார்த்துக்கொண்டது அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வார்த்தைக்கு வரி கட்டுகிறவன்போலப் பேசுவான். ஆனால் அந்தச் ‘சூடு’ மட்டும் ஆறு வருடமாகத் தவறியதில்லை.

அன்றைக்குத் தம்பி தட்டை மேசையில் இறக்கிவிட்டு வாய் திறப்பதற்குள், மாவுப் பலகையோடு வந்தவள் கேட்டாள்: “மேசை காலியாடா?”

தம்பி வேகவேகமாக இல்லையென்று தலையாட்டினான். சின்ன வயதில் தன்னை முறைத்தே அடக்கிய அக்கா முன்னால் நிற்கிறாள்; அவளுக்குப் பார்வையில்லை என்பதே அந்த ஒரு நொடி அவனுக்கு மறந்துபோயிற்று.

இடம் தடவிய வலது உள்ளங்கை கொதிக்கும் தட்டில் அப்பியது. கையை எடுத்தபோது தோல் தட்டிலேயே தங்கிவிட்டது.

அவள் அலறவில்லை. “இங்கதான் இருந்தியா?”

“இருந்தேன்க்கா.”

“அப்ப வாய் எங்கடா போச்சு?”

“தலையாட்டினேன்க்கா…”

குரல் வந்த இடத்துக்கு இடது கை போயிற்று. மூக்கு முறிந்தது. அவன் மாவு மூட்டைமேல் விழ, மூட்டை வெடித்து அறையே வெளுத்தது. இருமல் சத்தத்தைப் பின்தொடர்ந்து போய் இன்னும் இரண்டு கொடுத்தாள். விலக்க வந்த ரொட்டி வெட்டுகிறவர் தட்டு அலமாரியோடு சரிந்தார். கடைசித் தகரத் தட்டு உருண்டு ஓயும்போது தரையெல்லாம் மாவும் ரத்தமும்.

முதலாளி ஓடி வந்தார். “போதும்மா! கண்ணு தெரியாதவளை வேலைக்கு வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“என் கண்ணாலயா வெந்துச்சு? இவன் கழுத்தால வெந்துச்சுங்க. கத்தியிருந்தா என் தோலும் மிஞ்சியிருக்கும், இவன் மூக்கும் மிஞ்சியிருக்கும்.”

வெந்த கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டாள். பார்வை போன பிறகு வேறெந்தக் கடையும் அவளை வாசற்படி ஏற்றியதில்லை. இது போனால் வீட்டு மூலைதான்.

“சொல்லுங்க. கை ஆறினதும் வேலைக்கு வரலாமா?”

முதலாளி தலையாட்டினார், இடமும் வலமுமாக, பிடிவாதமாக.

அவள் காத்திருந்தாள்.

மாவுக் குவியலிலிருந்து, மூக்கு ஒழுக ஒழுக, தம்பி தொண்டை கிழியக் கத்தினான்: “தாராளமா வரச் சொல்றாருக்கா! கூலியோட லீவு எடுத்துக்கச் சொல்றாரு!”

ஆறு வருடத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். முதலாளி மறுக்க வாயைத் திறந்தார். மூச்சு வந்த திசைக்கு இடது முஷ்டி மெல்லத் திரும்பியது. வாய் தானாக மூடிக்கொண்டது.

தம்பி பொய் சொன்னால் மூக்கால் பேசுவான். அது அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு மூக்கே உடைந்திருந்ததால் மெய்யும் பொய்யும் ஒரே மாதிரி ஒலித்தன.

“ரொம்ப நல்லதுங்க, வரேன்” என்றாள் சம்மட்டி. “டேய், போய் மூக்குக்குக் கட்டுப் போடு. சரியா?”

அவன் தலையாட்டப் போனான். பாதியில் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திக்கொண்டு, “சரிக்கா!” என்று அலறினான்.