வில்லன் கிடைக்காத வகுப்பு

கதை எழுதச் சொல்லிக்கொடுப்பது ஊருக்கு உபதேசம் செய்கிற தொழில். நான் இதுவரை ஒரு கதையைக்கூட எழுதி முடித்ததில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஞாயிறு காலை எட்டுப் பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். அடுத்தவர் கதையைத் திருத்தப் பிறந்த பாவப்பட்ட ஜீவன்கள் வேறு யாராவது இருந்தால் கொஞ்சம் இப்படி வாருங்கள்.

கதைக்களம்

"கதை நடக்கும் வீட்டைப் படிப்பவர் கண்ணில் காட்டுங்கள்" என்றேன். எட்டுப் பேரும் எழுதி வந்தது ஒரே வீடு. முன்னறை, சமையலறை, பின்பக்கம் தோட்டம். ஒரே அச்சில் கட்டிய கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் வேறு எதை எழுதுவார்கள்? ஆனால் மைன்ஸில் வேலை பார்க்கும் சேகருக்குக் குவார்ட்டர்ஸே கிடையாது. டவுன்ஷிப்புக்கு வெளியே முத்தாண்டிக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார். அவரும் ஏன் இதையே எழுதினார் என்று கேட்டேன்.

"இருக்கிற வூட்டத்தான் எழுதணும்னு நீங்க சொல்லலீங்களே சார்."

முரண்

நாயகனுக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதை யாராவது தடுக்க வேண்டும், அதுதான் முரண் என்று பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பிலேயே மூத்தவரான தனலட்சுமி அம்மா தன் கதையையே எழுதி வந்தார். கணவர் ரிட்டயர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸில் தங்கிக்கொள்ளக் கொடுத்த அவகாசமும் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தோட்டத்தில் அம்மா வைத்த பலாமரம் இத்தனை வருஷம் இலையை மட்டும் காட்டிவிட்டு, இப்போதுதான் முதன்முதலாக மூன்று பிஞ்சு விட்டிருக்கிறது. அதில் ஒரு பழத்தையாவது தின்றுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

படிக்கையில் எனக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் வாத்தியார் புத்தி விடுமா? வில்லன் எங்கேம்மா என்று கேட்டேன்.

"எங்க போய் தேடுறதுங்க? காலி பண்ணச் சொல்ல வந்தவரு ரொம்ப நல்ல மனுஷன். மோர் குடிச்சிட்டு, பிஞ்சையும் பாத்துட்டுப் போனாரு."

பார்வைக் கோணம்

அடுத்த வாரம் சேகர் வாசித்தார். வாடகை வீட்டிலிருந்து ஷிஃப்டுக்கு பைக்கில் ஓடுகிற ஒருவனுக்குப் பல வருஷம் காத்திருந்த பிறகு குவார்ட்டர்ஸ் அலாட் ஆகிறது. மனைவியோடு போய்ப் பின்தெருவில் நின்றபடி பார்க்கிறான். மதிலுக்கு மேலே பலாமரம், மூன்று பிஞ்சு. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

 தனலட்சுமி அம்மா மெதுவாக, "எந்த பிளாக்குப்பா?" என்றார். சேகர் சொன்னார். அம்மா காலி பண்ணப்போகிற அதே வீடு. சேகர் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்ப அவங்க கதையில வில்லன் நாந்தாங்களா சார்?"

முடிவு

தனலட்சுமி அம்மா வடலூருக்குக் குடிபோனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பஸ் பிடித்து வந்தார். சேகர் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, சேகர் சாக்கில் கட்டி ஒரு பழத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் இறக்கினார். "முதல் பழம்மா. நாங்க இன்னும் ஒண்ணுகூட அறுக்கல. நீங்க தின்னாம எங்களுக்கு எறங்காது" என்றார்.

அம்மா கத்திக்கு எண்ணெய் தடவி, தானே அறுத்து, முதல் சுளையைக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். பிறகு எங்களுக்கும் கொடுத்தார். சப்பென்று இருந்தது. பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்து ஆட்களிடம் இதை மறைக்க முடியுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். சேகர் கையில் ஒரு சுளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதிக்கோங்க சார், வில்லன் கெடச்சாச்சு. இந்தத் தம்பி இல்ல, அந்த மரந்தான். இதுக்காகவா இத்தினி நாளா அழுதுக்கினு இருந்தேன்!"

வில்லன் இல்லாமல் கதை நிற்காது என்று புது வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறேன். சொல்லும்போது மட்டும் இந்த வகுப்புக்கும் வரும் அம்மாவும் சேகரும் உட்காரும் பெஞ்சுப் பக்கம் பார்ப்பதில்லை.