கருப்பு மாதுளை

கிடங்குக்கு வரும் மாதுளைப் பெட்டிகளைச் சோதித்துக் கையெழுத்திடுவது முப்பது ஆண்டுகள் என் வேலை. நிறம், தோலில் கீறல், நுனியில் பூஞ்சை என மூன்றையும் பார்க்கச் சொன்னது விதிமுறை. அறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. அறுத்த பழத்தை யார் வாங்குவார்கள்?

ஓய்வுபெற்றுக் கேளம்பாக்கத்துக்கு வந்த பிறகு, புற்றுநோய்ச் சிகிச்சையில் என் மனைவியின் எதிர்ப்பு சக்தி வெகுவாகக் குறைந்தது. தோல் உரித்த பழம் தரலாம், பூஞ்சை மட்டும் காற்றில்கூட அவளை அண்டக் கூடாது என்றார் மருத்துவர். அவள் மாதுளை கேட்டாள். தள்ளுவண்டியில் இருந்ததிலேயே சிவந்த பழத்தை எடுத்தேன். பழக்காரம்மா அதை வாங்கி விரலால் தட்டினார்.

"இது வேணா சார். உள்ள செத்துகீது."

"முப்பது வருஷம் பழம் பாத்தவன்மா நான்."

"பாத்த சரி. தட்டுனியா?"

பிடிவாதமாக அதையே வாங்கிவந்தேன். உப்புநீரில் கழுவி, துடைத்து, சமையலறையில் அறுத்தேன். தோல் அப்போதும் பளபளத்தது. உள்ளே முத்துகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் கருப்பு. பூவாக இருந்தபோதே புகுந்த பூஞ்சையைப் பழம் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறது. கரித்தூள் போன்ற ஒன்று மெல்ல எழுந்து என் கைகளில் படிந்தது.

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே அவள் கிண்ணத்துடன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கைப்பிடி திரும்பியது. நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"திறக்காதே. பழம் கெட்டுப்போயிருக்கு."

மறுபுறம் கைப்பிடி தளர்ந்தது.

"நீங்க பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றாள்.