பின்சந்துக் கதவு

பதுளை பசார் வீதியில் எனக்குப் புடவைக்கடை. அதன் பின்னறையில்தான் குடும்பம். குப்பை வண்டி நிற்கும் பின்சந்து நாறுகிறதென்று, முனிசிப்பல் ஓவசியர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், பின்கதவின் வெளிப்பக்கம் குறுக்கே பலகை அறைந்தேன்.

முனிசிப்பல் தேர்தல் முடிவு வந்த அன்று, வென்றவரின் படம் ஒட்டியிருந்த என் கடைமீது தோற்றவரின் ஆட்கள் பெற்றோல் போத்தல் வீசினார்கள். முன்கதவு பற்றிக்கொண்டது. வீதிக்கு ஓடிய பக்கத்துக் கடைக்காரரின் மண்டையைப் பொல்லால் பிளந்தார்கள். நானும் மனைவியும் புகைக்குள் பின்கதவை முட்டினோம். என் தோள்மூட்டு நழுவியது. நான் அறைந்த ஆணி அசையவில்லை.

“மொதலாளி, தள்ளி நில்லுங்க,” என்றது சந்திலிருந்து ஒரு குரல். குப்பை வண்டிக்கார முனியாண்டி மண்வெட்டியால் பலகைகளை நெம்பிப் பெயர்த்தார்.

இப்போது விடிந்ததும் முதலில் அந்தக் கதவைத்தான் திறக்கிறேன். சந்து இன்னமும் நாறுகிறது. நாறட்டும்.