வளைக்குள் எவ்வளவு சூடு?

காட்டுயிர் ஆராய்ச்சி என்றால் யானையும் சிறுத்தையும் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன், கிடைத்தவை பொந்துகள். வயரில் கட்டிய வெப்பமானியை வளைக்குள் விட்டு, உள்ளே எவ்வளவு சூடு என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். வெயிலில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்லிப் பிழைக்கும் கள ஆய்வாளர்களான உங்களுக்கு என் பாடு விளங்கும்.

தென்னங்காணியில்

யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் எலி வளை ஒன்றின் வாயில் குப்புறப் படுத்திருந்தேன். திடீரென்று தலையில் தண்ணீர். நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து, காணிக்கார அக்கா வாளியோடு ஓடி வந்திருக்கிறார். ஈரத்தோடு எழுந்திருந்து விசயத்தைச் சொன்னேன்.

"எலிக்குக் காய்ச்சல் பாக்கிறது கிடக்கட்டும், நீ முதல்லை நிழலுக்கு வா, பிள்ளை."

கடற்கரையில்

கொழும்புத்துறையில் நண்டு வளைக்குள் விட்ட வயரை இழுத்தால் வெறும் நுனிதான் வந்தது. கருவி உள்ளே போய்விட்டது. கையில் வேறு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் வந்து, கையை முழங்கை வரை சேற்றில் விட்டுத் தேடினார். அகப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டே ஆறுதல் சொன்னார்:

"எங்கடை வலையையே வெட்டுறதுகளுக்கு உன்ரை வயர் எம்மாத்திரம்?"

குசினிக்குக் கீழே

யாழ் நகரில், தொண்ணூறில், போர்க்காலத்தில், ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கூரையில்லாத வீடு. புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, பக்கத்திலேயே வாடகை அறையில் இருந்தார்கள். அவர்கள் ஒருகாலத்தில் சமைத்த குசினி நிலத்துக்குக் கீழே கீரியின் வளை. வீட்டுக்கார நானா — முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம் — மறுக்காமல் அளக்க விட்டார்.

ஒருநாள் உள்ளே வழக்கத்தைவிடச் சூடு கூடியிருந்தது. காதை வைத்தேன், குட்டிகளின் கீச்சுச் சத்தம். மறுநாள் புது வீட்டுக்காக அந்த நிலத்தைக் கிண்ட பெக்கோ இயந்திரம் வர இருந்தது. சொந்த வீட்டுக்கு இவ்வளவு காலம் காத்திருந்தவரிடம் எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வளைக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் குந்தியிருந்தார். பிறகு பெக்கோக்காரருக்குப் போன் எடுத்து, "வேறை வளவிலை வேலை இருந்தால் முதல்லை அதை முடியுங்கோ," என்றார்.

குட்டிகள் வளர்ந்து, தாயோடு மதில் தாண்டிப் போன பிறகே பெக்கோ வந்தது. அன்றைக்குத்தான், ஏன் பிந்தப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்களைப் போகச் சொல்லேக்கை பிள்ளையளைத் தூக்க மட்டுந்தான் நேரம் இருந்தது, தங்கச்சி. இதுகளாவது அவசரப்படாமல் ஆறுதலாப் போகட்டும் எண்டு விட்டிட்டன்."

பகலில் வளைக்குள் வெளியைவிடச் சூடு குறைவு என்று ஒரே ஒரு வரி எழுதத்தான் எனக்கு இத்தனை பாடும்.