ஓடுவதற்கு ஒரு பாடி

பாடி விற்கிற கடையில் காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர், போட்டுக்கொண்டு அவதிப்படுபவர் வேறொருவர். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட பிறகு, பழவேற்காடு கடைத்தெருவில் பாய் ஒருவரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இடது பக்கம் வலை நூல், மிதவை, தூண்டில். அது பாயின் ராஜ்யம். வலது பக்கம் வளையல், ரிப்பன், அட்டைப்பெட்டிக்குள் பாடி, அது என்னுடையது. சைஸ் சொல்ல வெட்கப்பட்டு, ஆள் வாங்கி வந்ததைப் போட்டுக்கொண்டு, வீட்டில் மூச்சு முட்டின அக்காமாரே, இது உங்களுக்குத்தான்.

படியில் சாய்ந்தவள்

கஸ்தூரி அக்கா கடைப் படியில் வந்து சாய்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. கோட்டைக்குப்பத்துக்காரி. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, விடிந்தும் விடியாமல் மணலில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். இந்த முறை விட்டால் ஆயுசுக்கும் இறால்தான்.

அவளை உள்ளே இழுத்துப் போட்டு, பாயை வெளியே அனுப்பிவிட்டு, அவள் ரவிக்கையைத் தளர்த்தினேன். உள்ளே பாடி இல்லை. பழைய வேட்டிக் கிழிசலை நெஞ்சைச் சுற்றி வரிந்து, அதன்மேல் பருத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கத்தரிக்கோலால் வெட்டின பிறகுதான் அவளுக்கு மூச்சு திரும்பியது. எனக்கு வந்த கோபத்தில், “இன்னாக்கா இது? சாவறதுக்கா ஓடுற?” என்று கத்திவிட்டேன். அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கட்டுமரத்துக்குப் போடுற கட்டுதான்டி. நனைஞ்சா இன்னும் இறுகும்ல? வேர்த்தா நெஞ்சு அசையாது, வலிக்காதுன்னு நெனைச்சேன்.”

பொஞ்சாதி சைஸ்

கடையில் ஒரு பெட்டி நிறைய பாடி இருக்க, அவள் ஏன் கயிற்றைத் தேடினாள்? குப்பத்தில் பெண்கள் கடைக்கு வந்து இதைக் கேட்கிற வழக்கம் இல்லை. நூல் வாங்க வரும் ஆண்களிடம் சொல்லி அனுப்புவார்கள். கஸ்தூரிக்கு அப்படிச் சொல்லி அனுப்ப இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். அண்ணனிடம் போய் எப்படிச் சொல்வாள்?

ஆண்கள் வந்து வாங்குகிற லட்சணத்தையும் கேளுங்கள். தோணிரேவிலிருந்து ஒருத்தர் வந்தார். வலைக் கண்ணில் அரை விரல் வித்தியாசம் இருந்தாலும் பாயிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர். நூலை வாங்கி முடித்ததும் என் பக்கம் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, “அதுல ஒண்ணு சுத்திக் குடு” என்றார். சைஸ் என்ன என்று கேட்டேன். கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல முறைத்தார். “இன்னா பொண்ணு நீ? பொஞ்சாதி சைஸ்தான், வேற இன்னா?”

மொட்டை மாடி நடை

கஸ்தூரி அக்காவுக்கு எதைக் கொடுப்பது என்று எனக்கும் அப்போது தெரியாது. இருப்பதிலேயே இறுக்கமானதைக் கொடுத்தால் சரியாகப் போகும் என்றுதான் நினைத்தேன். கெட்டுப்போயிருக்கும் காரியம். நல்ல வேளை, அந்த வாரமே பெரிய தெருவிலிருந்து ஒரு அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், பெட்டியோடு போனேன். சர்க்கரைக்காக வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மொட்டை மாடியில் நடந்தார்கள். நடந்தால் தோள் வலி உயிர் போகிறதாம். “ரெண்டு சைஸ் சின்னதாக் குடு, புடிச்சு நிக்கும்” என்றார்கள்.

தோளைப் பார்த்தேன். கயிறு மாதிரி ஒல்லிப் பட்டை சதைக்குள் பதிந்து, இரண்டு பக்கமும் வாய்க்கால். பெரியதைப் போடச் சொல்லி, நெஞ்சுக்குக் கீழே சுற்றி வருகிற பட்டையின் கொக்கியை மட்டும் ஒரு படி உள்ளே மாட்டினேன். நடந்து காட்டினார்கள். எடையைக் கீழ்ப்பட்டை தாங்கிக்கொண்டது. தோளுக்கு வேலையே இல்லை. எனக்கே அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மா கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: “இத்தினி வருஷமா தோளுக்குத் தைலம் தேச்சேனே பொண்ணே, தைலம் குடுத்தவன் ஒருத்தனாச்சும் உள்ள இன்னா போட்டிருக்கேன்னு கேட்டானா?”

நூல் மூட்டைக்குப் பின்னால்

மறுநாளே கஸ்தூரியை வரச் சொன்னேன். கடையின் பின்கட்டில் நூல் மூட்டைகளை அடுக்கி மறைப்புக் கட்டினேன். அவள் உள்ளே, நான் வெளியே. “குதிச்சுப் பாருக்கா” என்றேன். “அடிப் போடி, இதுக்கா வந்தேன்?” என்றாள். “ஓடும்போது நீ உட்கார்ந்துகிட்டா ஓடுவே? குதி!”

முதலில் போட்டது மெத்தென்று இருந்தது, ஆனால் குதித்தால் ஆடியது. அடுத்தது ஆடவில்லை, மூச்சு விட முடியவில்லை. மூன்றாவது கனத்த பருத்தி. மூச்சு தாராளமாக வந்தது, கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் கீழ்ப்பட்டை மேலே ஏறவில்லை. தோள்பட்டை மட்டும் ஒல்லி; அதைப் பிரித்துவிட்டு இரண்டு விரல் அகல நாடாவைத் தைத்துக் கொடுத்தேன். மறுபடி குதித்தாள். நிறுத்தவே இல்லை. மூட்டை சரிந்து, பாய் “இன்னா அங்க சத்தம்?” என்று குரல் கொடுக்கிற வரைக்கும் குதித்தாள். உள்ளேயிருந்து கேட்டாள்: “ஏன்டி, ஆம்பளைங்க எல்லாம் எப்பவும் இப்படித்தான் ஓடுறாங்களா, வலிக்காம?”

குண்டு

தேர்வு முடிந்து வந்தவள் நேராகக் கடைக்குத்தான் வந்தாள். ஓட்டத்தில் தேறிவிட்டாள். தாண்டுவதிலும் தேறிவிட்டாள். கடைசியாக இரும்புக் குண்டு எறியச் சொல்லியிருக்கிறார்கள். இறால் தடவுகிற விரல்கள் உங்களுக்குத் தெரியுமா? உப்புத் தண்ணீரில் ஊறி, முள் கீறி, நுனியில் தோலே இருக்காது. தேர்வுக்கு முந்தின நாள்வரை ஏரியில் இறங்கியிருக்கிறாள். குண்டு கையில் நிற்கவில்லை, காலடியிலேயே விழுந்துவிட்டது. மறு வாய்ப்பிலும் அப்படித்தான்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. “முன்னாடியே கையைப் பாத்திருக்கணும்” என்றேன். அவள் அழவில்லை. பையிலிருந்து அந்தப் பாடியை எடுத்துத் துவைத்த மடிப்போடு மேசைமேல் வைத்தாள். “ஓடும்போது என் ஒடம்பு எனக்கு ஞாபகமே வரலடி. இது என் தங்கச்சிக்கு ஆவுமா பாரு. அடுத்த தடவ அவ போறா.”

தங்கச்சி

அதற்குள் குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. கடையில் வைத்துப் பெண்களைக் குதிக்க விடுகிறார்கள், வீட்டைவிட்டுக் கிளப்புகிறார்கள் என்று. கஸ்தூரியின் அண்ணன் நூலை வேறு கடையில் வாங்க ஆரம்பித்தான். பாய் கெட்டவர் இல்லை, பயந்தவர். “அந்தத் தங்கச்சி வந்தா, அளவுக்குச் சரக்கு இல்லைன்னு சொல்லி அனுப்பிடும்மா” என்றார்.

மறுநாள் அக்கா, தங்கை இரண்டு பேருமே வந்து நின்றார்கள். தங்கை வசந்தி ஒல்லி. அக்காவுடையது அவளுக்குத் தொளதொளவென்று இருக்கும், பார்த்ததுமே தெரிந்தது. பாய் தொண்டையைக் கனைத்தார். கஸ்தூரிக்கு அது காதில் விழவில்லை. தங்கையின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னையிலேர்ந்து நீ ஏரியில எறங்காதே. ஒன் பங்கையும் நானே தடவிக்கிறேன்.”

சரக்கு இல்லை என்று சொல்லச் சொன்னார் பாய். வசந்தியின் அளவு தேடித் திறந்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லித் தரவில்லை.