தப்பு என்று நான் சொன்ன விடை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. நல்லதை மட்டும் எழுது என்று பெரிய மாமா சொல்லியிருக்கிறார். நல்லதை எழுதவே பக்கம் போதாது. ஆனால் எழுதாமல் விட முடியாத ஒன்றும் இருக்கிறது. மாமா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்டாமுத்தூர் தோட்டத்தில் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. கல்லூரி ஆசையை அன்றோடு விட்டுவிட்டு, படம் வரையப் பழகி, பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். சிங்காநல்லூரில் தானே பிளான் போட்டு ஒரு வீடு கட்டினார். யாரையும் அவர் கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் குறுக்கெழுத்து. நேராகப் பொருள் கேட்கும் சாதாரணப் புதிர் அல்ல, குறிப்புக்குள்ளேயே வார்த்தையை ஒளித்து வைக்கும் புதிர். வாரப் பத்திரிகை வரும் நாளில், கம்பெனி சாப்பாட்டுக் கொட்டகையில் லேத் ஆட்கள், கிளார்க், வாட்ச்மேன் என்று ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். என்ன கெஞ்சினாலும் விடையை மட்டும் சொல்ல மாட்டார்.

‘பல போன பலகாரத்தில் உறைப்பு’ என்று ஒரு குறிப்பு. மூன்று எழுத்து. வாட்ச்மேன் எழுத்தைக்கூட எண்ணாமல் முறுக்கு, மிக்சர் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

“ஏனுங்க, பசியில பாத்தா அப்படித்தானுங்க தெரியும். குறிப்புக்கு ரெண்டு பாகம். ஒரு முனையில நேரான அர்த்தம் இருக்கும். மிச்சம், அந்த வார்த்தைய எப்படிச் செய்யறதுன்னு சொல்லும். இதுல நேரான அர்த்தம் எதுங்க?”

“உறைப்புங்களா?”

“அதேதானுங்க. அப்ப பலகாரம்னு எழுதி, ‘பல’வ அடிச்சுப்போடுங்க.”

வாட்ச்மேன் கரித்துண்டால் தரையில் எழுதி அடித்தார். ‘காரம்’ நின்றது. டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். குறிப்பு பொய் சொல்லாது, பராக்குத்தான் காட்டும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணன் சொல்லும் முதல் பாடம்.

போன வருடம் காமாலை என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரலில் புற்றுநோய் என்று டாக்டர் என்னை வராண்டாவுக்கு அழைத்துச் சொன்னார். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்று பயந்து, பெரிய மாமாவும் அண்ணியும் நானும் அவரிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். போன் பூத்தில் நின்று உங்களில் பலரிடம் நானே பேசினேன். வந்தால் காமாலை என்றே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் அப்படியே பேசினீர்கள்.

பத்தாம் நாள் டாக்டர், இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். காமாலை இறங்காமலே வீட்டுக்கு அழைத்துப் போனால் அண்ணனுக்குப் புரிந்துவிடும். புரியக் கூடாது என்றால் அந்த அறையிலேயே கிடந்தாக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரியும். டாக்டரிடம் கெஞ்சி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தோம். தினமும் ஒரு புதுப் பொய்யோடு நான் படியேறினேன். நேற்று என்ன சொன்னேன் என்பதே மறந்துபோகும்.

அறையில் இன்னொரு படுக்கையில் கால் முறிந்து ஒரு பாய் இருந்தார், டவுனில் அத்தர் வியாபாரம் செய்பவர். குறுக்கெழுத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், நான்கே நாளில் அண்ணனுக்குச் சீடராகிவிட்டார். அண்ணன் அங்கே சிரித்ததெல்லாம் அவரோடுதான்.

ஒரு நாள் காலை பாயை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“கண்ணு, ஒரு புதிர் போட்டுப் பாத்தேன். பத்து வருசமா எட்டிப் பாக்காத மாமா ஒரே வாரத்துல ரெண்டு தடவ வந்துட்டாரு. எனக்குச் சக்கர வியாதின்னு தெரிஞ்சும் உங்க அண்ணி காப்பியில சக்கர போடறா. டாக்டரு எங்கிட்டப் பேசறத உட்டுப்போட்டு உன்னய வெளிய கூப்படறாரு. மூணும் ஒரே விடைக்குத்தான் போகுது. சரியான்னு மட்டும் சொல்லு. சரின்னா ஊட்டுக்குப் போயரலாம்.”

சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

“தப்புங்கண்ணா. நீங்களா எதையாச்சும் நெனச்சுக்காதீங்க. பத்து ஊசி பாக்கி இருக்குதுங்க. முடிச்சுட்டுப் போயரலாம்.”

அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “தப்பா? சரி, போ. சாப்டியா?” என்றார். அதன்பின் வீட்டுப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பதினெட்டு நாள் அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்து, அங்கேயே போனார்.

காரியம் முடிந்த மறுவாரம், பாய் கைத்தடி ஊன்றிக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். கடைசிவரை அண்ணனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம் என்று நான் அவரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். “அவருக்கு நல்லாத் தெரியுமுங்க. அப்ப ஏனுங்க ஊட்டுக்குப் போகாம இருக்கறீங்கன்னு நானே கேட்டேன். ‘தம்பிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லீங்க, ரொம்பச் சிரமப்பட்டுச் சொல்றான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அப்பறம் எம் மூஞ்சியப் பாக்க மாட்டான். இருந்துட்டுப் போறேன்’னாருங்க.”

எங்கள் வார்த்தைக்காகப் பொறுத்துக்கொண்ட டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், உண்மையைச் சொன்ன பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதற்காகப் பொய் சொன்ன சொந்தங்களே, உங்களுக்கும் நன்றி. அது அன்பினால் சொன்னது. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அண்ணா, நீங்கள் போட்ட விடை சரி. கிளம்புங்கள், வீட்டுக்குப் போகலாம் என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.