வாயில் நுழைந்த பெயர்

எக்ஸ்ரே பிரிவில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் அம்மாளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் 'அகராதி'. பாதி கேலி, பாதி மரியாதை. படித்தது பத்தாம் வகுப்புதான். ஆனால் அர்த்தம் தெரியாத வார்த்தையை அவர் விரல் அடிக்காது. டாக்டர் பேசிப் பதிந்ததைக் காதில் மாட்டிக் கேட்பார். புதுச்சொல் வந்தால் நிறுத்திவிட்டு, தலையணைக் கனத்தில் இருக்கும் ஒரு மருத்துவ அகராதியைப் புரட்டுவார். 'கார்டியோ' இதயம், 'மெகலி' பெருத்தது என்று உடைத்து உடைத்து வாய்விட்டுச் சொல்வார்.

"சளி பிடிச்சிருக்குன்னா போதாதா? அதுக்கும் ஒரு ரைனைட்டிஸா?" என்பார் கணவர். கேட்கிறவர் கேட்கட்டும். பதினெட்டு வருடத்தில் அகராதி அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு நாள் காலை, எக்ஸ்ரே எடுப்பவர் டீயோடு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"வயித்துவலின்னு ஒரு கொத்தனாரு வந்தாரு. நெஞ்சுப்படம் எடுத்தா, இதயம் வலப்பக்கம் இருக்கு! ஆளைத் திருப்பி நிக்க வெச்சுட்டேன் போல. நல்லவேளை, படத்தைத் திருப்பி, இடம் வலம் குறியை மாத்தி அனுப்பிட்டேன்."

அம்மாளின் கை விசைப்பலகையில் நின்றது. "வலி எந்தப் பக்கம்?"

"இடது அடிவயிறு. வாயுன்னு மருந்து குடுத்து அனுப்பப் போறாங்க."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அம்மாள் ஓடினார். கொத்தனார், தன் மனைவியின் தோளைப் பிடித்தபடி வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். இருவரையும் நிறுத்தி, டியூட்டி டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"சார், இவருக்கு சைட்டஸ் இன்வெர்சஸா இருக்கலாம். உள்ள இருக்கிறதெல்லாம் இடம் வலம் மாறியிருந்தா, வலப்பக்கம் இருக்கவேண்டிய குடல்வால் இடப்பக்கம்தானே வலிக்கும்?"

"டைப் அடிக்கிற வேலைய மட்டும் பாருங்கம்மா. படத்துல எல்லாம் சரியா இருக்கு."

"அந்தப் படம் திருப்பிப் போட்டது சார். வலது பக்கம் ஒரே ஒரு தடவை ஸ்டெதாஸ்கோப்ப வெச்சுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா, நாளைக்கு வேலைக்கே வரல."

வேண்டாவெறுப்பாக வைத்தவரின் முகம் மாறியது. வலப்பக்கம் இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்து, மதியமே அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் குடல்வால் வழியிலேயே வெடித்திருக்கும் என்றார்கள்.

ஐந்தாம் நாள் கொத்தனாரும் மனைவியும் டைப் அறைக்கு வந்தார்கள்.

"என் வியாதிக்கு என்ன பேருங்கம்மா?"

"வியாதியே இல்லப்பா, சைட்டஸ் இன்வெர்சஸ்னு ஒரு அமைப்பு. ஆனா நீ ஊர் ஊரா வேலைக்குப் போறவன். எந்த டாக்டரைப் பாத்தாலும் முதல்ல இதைச் சொல்லணும். எங்க, சொல்லு."

"சைட்டு இன்வெர்ட்டர்."

"அட, கரண்ட்டுக்காரனைக் கூப்பிட்டுடுவாங்கப்பா! இன்வெர்சஸ்."

பதினோராவது தடவை பிசிறில்லாமல் வந்தது. மனைவியையும் விடவில்லை. ஆள் மயங்கிக் கிடந்தால் அவள் வாய்தானே பேச வேண்டும்?

அவர்கள் போன பிறகு ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. வாசலில் காவலாளி என்ன உடம்பு என்று விசாரித்திருக்கிறார்.

"சைட்டஸ் இன்வெர்சஸ்" என்றாள் மனைவி, ஒரே மூச்சில். "எங்க டைப் அம்மா கண்டுபிடிச்சது."

அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம், "கேட்டீங்களா? எவ்வளவு சுத்தமாச் சொல்றா!" என்றார்.